காற்றில்லாத இடத்தில் விழிப்பது

தெலாவியில் திராட்சை அறுவடை முடிந்த வாரம்.
என் மருந்துக்கடைக் கண்ணாடியில் குளவிகள்
இனிப்பு எங்கே என்று முட்டிக்கொண்டிருந்தன.
ஜெமால் வந்தான். கல்லீரலில் சீழ்க்கட்டி,
எலுமிச்சை அளவு என்றது ஸ்கேன்.
குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும்
ஒரே பள்ளத்தில் படுத்திருக்கும் தெரு அவனுடையது.

மெட்ரோனிடசோல். எழுநூற்றைம்பது மில்லிகிராம்,
தினம் மூன்று வேளை, பத்து நாள்.
நான் சீட்டைப் படித்தேன். அவன் விரல்விட்டு எண்ணினான்.
"ஏழாம் நாள் தெக்லேயின் கல்யாணம்.
நான்தான் தமதா, மக்வாலா.
ஒவ்வொரு வாழ்த்துக்கும் கொம்பைக் காலி செய்தாக வேண்டும்.
உனக்குத் தெரியாததா?"

தெரியும். என் கல்யாண விருந்தையும் அவன்தான் நடத்தினான்.
கணவன் போய்விட்டான். பேச்சு நினைவிருக்கிறது.

"அரைக் கொம்பு?"
முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும் என்று
பெட்டிக்குள் மடித்த தாள் மிரட்டுகிறது.
அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்று
புதிய கட்டுரைகள் முணுமுணுக்கின்றன.
இரண்டையும் படித்தவள் நான்.
ஒன்றை மட்டும் சொன்னேன்.

"சரி, இது எப்படிக் கொல்கிறது?"

கொல்லத் தெரியாமல்தான் உள்ளே போகிறது, ஜெமால்.
ரத்தத்தில் ஏறி எச்சில், எலும்பு, மூளை
எங்கும் சுற்றும் தூக்கத்தில் நடப்பவன்போல.
உன் செல்களுக்குள்ளும்தான் நுழைகிறது.
அங்கே ஒரு எலக்ட்ரான் கையில் கிடைத்தாலும்
பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜன் பிடுங்கிக்கொள்ளும்.
மறுபடி தூக்கம்.
அமீபா காற்றை நம்பிப் பிழைப்பதில்லை.
தன் சேமிப்பிலிருந்து எலக்ட்ரானை எடுத்து
வந்தவன் கையில் அதுவே திணிக்கிறது.
திருப்பிப் பிடுங்க அங்கே ஆளில்லை.
சொந்தக் காசில் சூனியம்.
அந்தக் கணம்தான் மருந்து மருந்தாகிறது.
நைட்ரோ முனை முறுக்கேறி
டி.என்.ஏ. இழையைக் கண்ட இடத்தில் அறுக்கிறது.

"குவெவ்ரி" என்றான், வேறெதுவும் சொல்லாமல்.
கழுத்துவரை மண்ணில் புதைத்த மதுத்தாழி.
மூடியைக் களிமண்ணால் பூசியபின்
அதன்மேல் காதை வைத்துக் கேட்கிறவன் அவன்.

நான்காம் நாள் நள்ளிரவில் தொலைபேசி.
"சபெராவி நிறத்தில் போகிறது, மக்வாலா!
ஒரு துளி தொடவில்லை, சத்தியமாக!"
மருந்தின் நிறம், தூங்கு என்றேன்.
"ரொட்டி, வால்நட், வெறும் தண்ணீர்,
எல்லாமே இருபது தெத்ரிக் காசை
நாக்கில் வைத்ததுபோல்."
அதுவும் மருந்துதான். தூங்கு.

கல்யாணத்தில் அவன் கொம்பில் டாரகன் சோடா.
கண்ணைக் குத்தும் பச்சை.
முந்நூறு பேர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.
இறந்தவர்களுக்கான வாழ்த்து வரும் நேரம்
வழக்கமாக அவன் நாக்குக் குழறும்,
பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியும்.
அன்று ஒவ்வொன்றும் தனியாக வந்தது.
கடைசியில் தம்பி பாதூரின் பெயர்.
பத்து வருடமாக எந்த மேசையிலும் அவன் சொல்லாதது.
தெக்லே கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.
அவள் அப்பா அவன்.
ஜெமால் கொம்பை ஒரே மூச்சில் குடித்தான்,
சோடாவை, காசின் ருசியோடு.

பதினோராம் நாள் ஒரு ஜாடியோடு வந்தான்.
நான் இன்னொரு பெட்டியை எடுத்து வைத்தேன்.
பரமோமைசின்.
"முடிந்தது என்றாயே!"
கல்லீரல் முடிந்தது.
அந்த மாத்திரையை உன் குடல்
அநேகமாக முழுசாக உறிஞ்சிவிட்டது.
குடலுக்குள் வேலை செய்ய மிச்சம் வைக்கவில்லை.
தடித்த ஓட்டுக்குள் சுருண்ட உருண்டைகள்
இன்னும் அங்கே குந்தியிருக்கலாம்.
இது உடம்புக்குள் ஏறாத சோம்பேறி,
போட்ட இடத்திலேயே கிடக்கும்.
அதனால்தான் வேண்டும். ஏழு நாள்.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டான்.
ஜாடியைத் திருப்பி எடுக்கவில்லை.
தராசுக்கும் ரத்த அழுத்தக் கருவிக்கும் நடுவே
அதை நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

கதவு மூடுவதற்குள்
குளவி ஒன்று உள்ளே வந்துவிட்டது.